காக்காக்கால் போட்ட போர்வை

என் தம்பி துரைசாமி எதையெல்லாம் ஜெயித்தான் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதினால், அக்காக்காரி கூட்டிச் சொல்கிறாள் என்பார்கள்.

சுண்ணாம்புக் குழியில் வெந்து உணர்ச்சி போன விரல்களை வைத்துக்கொண்டு, குடியாத்தத்து நெசவுக்காரப் பெண்கள் கிட்டே வந்து உற்றுப் பார்க்கும்படி தைத்தான். வேலூர்க் கண்காட்சியில், மாதர் கைவேலைப் பிரிவில், மீசையோடு முதல் பரிசு வாங்கினான். கையால் தைத்ததைப் பாராட்டி அவனுக்குக் கொடுத்தது ஒரு தையல் மிஷின். வெள்ளி மெடல் ஒன்றும் கிடைத்தது. அதில் அவன் பெண்டாட்டியின் பெயரை வெட்டியிருக்கிறார்கள். பிறகு, பெண்களின் துணி வேலைக்காகவே ஆம்பூரில் வைத்த காட்சிச்சாலையில் இடம் பிடித்த ஒரே ஆண்பிள்ளை ஆனான். எல்லாவற்றையும்விடக் கஷ்டப்பட்டு ஜெயித்தது, அங்கே தொங்குகிற தன் போர்வைக்குக் கீழே தன் பெயரை. அதற்குக் குறுக்கே நின்றது பகையாளி இல்லை, பங்காளியும் இல்லை. அவன் பெண்டாட்டி எல்லம்மா அவன்மேல் வைத்திருந்த மரியாதை.

நான் அவனுக்கு நான்கு வயது மூத்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் படித்தேன். காட்சிச்சாலையைக் காலையில் திறந்து, பெருக்கி, துணிகளைத் தூசி தட்டி, சாயங்காலம் பூட்டுகிற வேலை என்னுடையது. வருகிறவர்கள் அந்தப் போர்வைக்கு முன்னால் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதுகிறேன். தேதிகளைச் சரிபார்த்திருக்கிறேன்.

துரைசாமி 1893-இல் பிறந்தான். எங்கள் அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. மீசை முளைப்பதற்கு முன்பே இவனும் அதே குழியில் இறங்கினான். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மயிர் கழற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் தோலுக்கும் கைக்கும் வித்தியாசம் பார்க்காது. அப்பாவுக்குக் கால் போயிற்று, இவனுக்கு விரல் போயிற்று. போயிற்று என்றால் அறுந்து விழவில்லை, பத்தும் இருந்தன. நகம் கரைந்து, நுனி கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. சூடு தெரியாது. முள் குத்தினாலும் தெரியாது. எங்கள் அம்மா அழுதாள். மேஸ்திரி அழவில்லை. "குத்துனா தெரியாதா? அப்போ ஊசி வேலைக்கு இவன்தான்யா சரி" என்று சொல்லி, பேல் தைக்கிற இடத்துக்கு மாற்றினார். என் தம்பி கைவேலைக்காரன் ஆனது இப்படித்தான். தோல் ஷாப்பில் ஒருவனுக்கு நல்லது நடப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

பதம் போட்ட தோலை அடுக்கி, கோணி சுற்றி, இறுக்கித் தைத்தால் அது பேல். ரயிலில் மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போகும். வழியில் எங்காவது பிரிந்தால், தைத்தது யார் என்று தெரிய வேண்டும். தைக்கிறவர்களில் ஒருவருக்கும் எழுதத் தெரியாது. ஆகவே ஆளுக்கு ஓர் அடையாளம் கொடுத்திருந்தார்கள். அதைப் பேலின் மூலையில் சிவப்புச் சணலால் போட வேண்டும். ஒருவனுக்கு ஏணி, ஒருவனுக்கு மீன். துரைசாமிக்குக் காக்காக்கால்: முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. ஒவ்வொரு ஜாணுக்கும் ஒரு பூட்டு முடிச்சு போட்டு, கடைசி முடிச்சின் மேலேயே காக்காக்காலைப் போட்டு அமுக்கிவிடுவான். அவன் தைத்ததை அறுக்கலாம், பிரிக்க முடியாது. அவனாலேயே முடியாது.

யாரைத் திட்டுவது என்று தெரிந்துகொள்வதற்காக வைத்த அடையாளம் அது. துரைசாமி அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டான். "என் காக்கா மெட்ராஸ் பாத்துட்டு கப்பலும் ஏறிடுச்சு அக்கா. நான் இன்னும் வாணியம்பாடியே தாண்டல" என்பான்.

எல்லம்மாவை அவனுக்குக் கட்டி வைத்தோம். ஆலங்காயத்துப் பெண். நல்ல உழைப்பாளி, நல்ல வாயாடி. ஆனால் ஊசிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அவள் காலையில் தைத்த பொத்தான் மத்தியானம் சோற்றில் கிடக்கும். ஒரு மார்கழியில் அவள் பழைய சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் போர்வை தைக்க உட்கார்ந்தாள். துரைசாமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "குடு மே இங்க, பாத்தா கண்ணு வலிக்குது" என்று பிடுங்கிக்கொண்டான். அன்றைக்குப் பிடுங்கியதை அவன் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

தெருவே சிரித்தது. "இன்னா துரைசாமி, நாளைக்கு எல்லம்மாவை ஷாப்புக்கு அனுப்பிட்டு நீ வாசல்ல கோலம் போடப் போறியா?" என்று கேட்டார்கள்.

"போடறேன். என் கோலம் அழியாது. முடிச்சுப் போட்டுத்தான் போடுவேன்" என்றான்.

இப்போது காட்சிச்சாலையில் தொங்குவது அவன் தைத்த நான்காவது போர்வை. நடுவில் எங்கள் அம்மாவின் நீலச் சேலை. அதைச் சுற்றி, பஜார்த் தையற்காரர் பெருக்கித் தள்ளிய துண்டுகளும் கிழிந்த குடியாத்தம் லுங்கிகளும். ஒவ்வொரு துண்டும் நான்கு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க வருகிறவர்கள் நட்சத்திரம் என்கிறார்கள், ஆமை என்கிறார்கள். ஒரு அம்மாள் தாமரை என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது மைதானத்தில் ஆணி அடித்துக் காயப்போட்ட ஆட்டுத்தோல். அவன் வேறு என்னத்தைப் பார்த்தான், வரைவதற்கு?

இந்தப் போர்வை வேலியில் காய்ந்துகொண்டிருந்தபோது, ஜட்கா வண்டியில் போன துரைசாணி அம்மா பார்த்துவிட்டார். மிஷனில் தையல் பள்ளி நடத்துகிற வெள்ளைக்கார அம்மா அவர். நாங்கள் போர்வை என்பதும், சாயபு வீடுகளில் ரஜாய் என்பதும், அவருக்குக் கில்ட். வண்டியை விட்டு இறங்கி, "இது எங்கே தைக்கப்பட்டது?" என்று எல்லம்மாவைக் கேட்டார்.

"எங்க வூட்லதாம்மா."

"இதை வேலூர்க் கண்காட்சிக்கு அனுப்பு. மறவாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

1928 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம் கண்காட்சி. துரைசாமிக்கு ஷாப்பில் லீவு இல்லை. நான் வேண்டுதலுக்காகச் சோளிங்கர் மலைக்குப் போயிருந்தேன். எல்லம்மா மட்டும் போர்வையை மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு வேலூர் போனாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். எல்லம்மா இதில் மற்றவர்களைவிட ஒரு படி ஜாஸ்தி. அவன் பெயரின் பாதியைக்கூடச் சொல்ல மாட்டாள். எல்லாரும் துரை என்கிற ஆட்களை அவள் வெள்ளைக்காரர் என்பாள். துரைசாணி அம்மாவை வெள்ளையம்மா என்பாள். சாமி கும்பிடுகிறேன் என்றும் சொல்ல மாட்டாள். "கோயில்ல இருக்கறவரைக் கும்புட்டேன்" என்பாள்.

கண்காட்சிப் பந்தலில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லம்மா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒருமுறைகூட மாற்றிச் சொன்னதில்லை.

"யார் தைச்சது?" என்றார் குமாஸ்தா.

"வூட்ல தச்சது."

"வூடா தைக்கும்? ஆள் யாரும்மா?"

"அவருதான்."

"எவரு?"

எல்லம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அவள் சுற்றிலும் பார்த்தாள். பந்தலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி பரிசு மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கையால் காட்டி, "அவரை நீங்கள்லாம் இன்னான்னு கூப்புடுவீங்க? அது பாதி. கோயில்ல இருக்கறவரு மீதி" என்றாள்.

குமாஸ்தா எழுந்து நின்று பார்த்தார். "அவரா? அவரா இந்தப் போர்வையைத் தைச்சாரு?"

வரிசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். குமாஸ்தாவுக்கு வியர்த்தது. "பேஜார் பண்ணாதம்மா. உன் பேர் இன்னா, அதைச் சொல்லு."

தன் பெயரைச் சொல்ல அவளுக்கு எந்தத் தடையும் இல்லை. சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

பரிசு வந்தது. மிஷின் வந்தது. மெடல் வந்தது. நான் சோளிங்கரிலிருந்து வந்த மறுநாளே, பெயர் மாறிவிட்டது என்று வேலூருக்குச் சொல்லி அனுப்பினேன். வெள்ளியில் வெட்டியாகிவிட்டது, வெள்ளியில் அழி ரப்பர் வேலை செய்யாது என்று பதில் வந்தது. துரைசாணி அம்மாவிடம் சொல்லலாம் என்றால், அவர் லீவில் சீமைக்குப் போய்விட்டார். துரைசாமி சிரித்தான். "யார் பேர்ல இருந்தா இன்னா அக்கா, மிஷின் நம்ம வூட்லதான இருக்குது" என்றான்.

வீட்டில் இருந்தது, ஆனால் தைக்கவில்லை. எல்லம்மாவுக்குத் தைக்கத் தெரியாது. துரைசாமியோ, தகரத்தில் மழை பெய்கிற மாதிரி சத்தம் போடுகிற சாமானில் காக்காக்கால் வராது என்று தொடவில்லை. எல்லம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமைகளில் பூவும் போட்டாள்.

1930-இல் துரைசாணி அம்மா திரும்பி வந்தார். சீமையில் எங்கோ பழைய துணிகளுக்கென்று ஒரு காட்சிச்சாலை பார்த்தாராம். அதே மாதிரி இந்தப் பக்கத்துத் துணிகளுக்கு ஒன்று வைக்க வேண்டும் என்று வந்த நாளிலிருந்து ஒரே பேச்சு. தோல் ஷாப்பு முதலாளி அப்துல் ஹமீத் சாயபு தம் பழைய கிடங்கைக் கொடுத்தார். சுவருக்கு எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் மழை பெய்தால் தோல் வாடை வரும். அதனால் ஒரு பூச்சியும் வராது என்பதைத் துரைசாணி அம்மா கடவுளின் ஏற்பாடு என்றார். ஆரணிப் பட்டு, குடியாத்தம் லுங்கி, மலைக் கம்பளி, சாயபுவின் சம்சாரம் ஜஹீருன்னிசா பீபி கொடுத்த ரஜாய் எல்லாம் வந்து சேர்ந்தன. வாசலில் 'ஸ்திரீகளின் கைவேலைக் காட்சிச்சாலை' என்று பலகை மாட்டினார்கள். மெட்ராஸ் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்று சொல்லிப் பழகிய ஜனங்கள், இதற்குச் செத்த துணி காலேஜ் என்று பெயர் வைத்தார்கள். பலகையைவிட அந்தப் பெயர்தான் வழி கேட்கிறவர்களுக்கு உதவுகிறது.

எல்லம்மாவின் போர்வை என்று சொல்லித்தான் துரைசாணி அம்மா அதைக் கேட்டு வாங்கினார். நடுச்சுவரில் மாட்டினார். திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, வேலை முடிந்து வந்த துரைசாமியை உள்ளே விட்டேன். போர்வை விரித்துத் தொங்குவதை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. வேலியில் மடித்துத்தான் காயப்போடுவோம், வீட்டில் அதை முழுக்க விரிக்க இடம் கிடையாது. வாயைத் திறந்துகொண்டு நின்றான். பிறகு கீழே இருந்த அட்டையைப் பார்த்தான்.

"இன்னா எழுதி இருக்குது அக்கா?"

"எல்லம்மா, ஆம்பூர். வேலூர்க் கண்காட்சியில முதல் பரிசு."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

போர்வையின் மூலையைப் புரட்டினான். "காக்கா இருக்குது" என்றான்.

"இருக்குது. அதைப் படிக்கத் தெரிஞ்சவங்க மெட்ராஸ் ஹார்பர்ல இருக்காங்க."

"இது எவ்ளோ நாள் இங்க தொங்கும்?"

"நூறு வருஷம்னு சொல்றாங்க."

அவன் மூலையை விடவில்லை. "வூட்ல இருந்தவரைக்கும் எனக்கு ஒண்ணும் தோணல அக்கா. போத்துவோம், கிழியும், பேரும் அதோட போய்டும். இது கிழியாதாமே. நூறு வருஷம் கழிச்சு வர்றவன் எல்லம்மா தச்சாங்கன்னு சொல்லுவானா? எல்லம்மாவா? ஒரு பொத்தான் நிக்காது அக்கா அவ கையில!"

அப்போதே அவனைக் கூட்டிக்கொண்டு துரைசாணி அம்மாவிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். வேதப்புத்தகத்தில் கற்றுக்கொண்ட தமிழ்.

"துரைசாமியே, உன் மனைவிக்குக் கிடைத்த கனத்தை நீ ஏன் இச்சிக்கிறாய்?" என்றார்.

"இச்சிக்கலம்மா. நான்தான் தச்சேன்."

"எல்லம்மாள் வந்து தன் வாயினால் உன் பெயரைச் சொல்லட்டும். அப்பொழுது விசுவாசிப்பேன்."

எல்லம்மாவைக் கூப்பிட்டு வந்தோம். அவளுக்கு மறைக்கிற எண்ணம் எதுவும் இல்லை. "எனக்கின்னா, அந்த மெடலைக் கழுத்துல போட்டுக்கினா சோறு வேவும்?" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தாள்.

"அஞ்சாதே மகளே. இதைத் தைத்தது யார்?" என்றார் துரைசாணி அம்மா.

"அவருதாம்மா."

"அவர் என்றால்?"

"இதோ இந்த அண்ணியோட தம்பி" என்று என்னைக் காட்டினாள்.

"பெயர்?"

"எங்க மாமனாரு வச்ச பேருதான்."

"அந்தப் பெயரைச் சொல்."

எல்லம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். "அறிவேன். ஆயினும் மெய்யைச் சொல்லுவதற்கு எந்த வழக்கமும் தடையாகாது" என்று துரைசாமியை வெளியே போகச் சொன்னார். "இப்பொழுது அவன் இல்லை. பயமில்லாமல் சொல்."

அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆயுசு ஒன்றுதானே? எல்லம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரைத் துரைசாணி அம்மா வேறு விதமாக எடுத்துக்கொண்டார். பெண்டாட்டியை மிரட்டிப் பரிசைப் பிடுங்குகிற புருஷன்மார்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். எல்லம்மாவின் தோளில் கை வைத்து, "ஒரு ஸ்திரீயின் பெயரை அழிப்பதற்காக நான் இந்தக் கூடத்தைத் திறக்கவில்லை. திறப்பு நாளில் நீயே எல்லார் முன்பாகவும் உட்கார்ந்து தைப்பாய்" என்றார்.

துரைசாணி அம்மா எல்லம்மாவின் பக்கம் நின்றார். எல்லம்மா என் தம்பியின் பக்கம் நின்றாள். இவ்வளவு பேர் பக்கம் நின்றும் என் தம்பி தோற்றுப்போய் வீட்டுக்கு வந்தான்.

"ஒரே ஒரு தடவை சொல்லித் தொலைச்சா இன்னா மே?" என்றான் வழியில்.

"சொன்னா உங்க ஆயுசு கொறஞ்சிடும்."

"சொல்லலன்னா நூறு வருஷத்துக்கு நான் இல்லாமலே போய்டுவேன்."

"ஆயுசு இருந்தாதான் பேரு. பேரு இருந்தா ஆயுசு வருமா?"

அவன் எங்களை விட்டு முன்னே நடந்தான்.

1931 ஜனவரி 24, சனிக்கிழமை, காட்சிச்சாலையைத் திறந்தார்கள். வேலூரிலிருந்து பெரிய மனுஷிகள் வந்தார்கள். ஆண்களுக்கு வாசல் ஓரமாக நிற்க இடம் விட்டிருந்தது. துரைசாமி அங்கே நின்றான். எல்லம்மாவைப் போர்வைக்குக் கீழே நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் துணியும் கையில் ஊசியும் கொடுத்தார்கள். அவள் முகம் தேர்வில் உட்கார்ந்த பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

அப்துல் ஹமீத் சாயபு வந்தார். நோன்பு மாதம் என்பதால் டீயைத் தொடாமல் சுற்றி வந்தார். தம் வீட்டு ரஜாய்க்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று, தினமும் பார்க்கிறதுதானே என்கிற மாதிரி நகர்ந்தார். நடுச்சுவருக்கு வந்ததும் நின்றார். பேலைச் சோதிக்கிறதுபோலத் தையலை நகத்தால் நிமிண்டினார். மூலையைப் புரட்டினார்.

"அரே! இது நம்ம பேல் தையல் ஆச்சே! காக்காக்கால்! எங்கப்பா துரைசாமி? இங்க வா. இது எந்த லாட்டுல போச்சு?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். துரைசாணி அம்மா கிட்டே வந்தார். "சாயபு, அவன் இந்தத் தையலைத் தன் மனைவிக்குக் கற்றுக்கொடுத்திருக்கக்கூடும்."

"அப்படிக் கத்துக்குடுத்திருந்தா இந்தம்மாவையும் வேலைக்கு எடுத்திருப்பேனே! ஷாப்புல ஆள் கம்மியா இருக்குது."

துரைசாணி அம்மாவின் முகம் சிவந்தது. இன்னொரு ஆண்பிள்ளையும் சேர்ந்துகொண்டான் என்று நினைத்திருப்பார். "எல்லம்மாள், நீ தைத்துக் காட்டு" என்றார்.

எல்லம்மா நூலை எடுத்தாள். நுனியை நாக்கில் வைத்துத் திரித்தாள். ஊசிக் காதில் விட்டாள். அது பக்கத்தில் போயிற்று. மறுபடி விட்டாள். தையல் பள்ளிப் பெண் ஒருத்தி கோத்துக் கொடுக்கக் கை நீட்டினாள். எல்லம்மா கொடுக்கவில்லை. நூல் மூன்றாம் முறையும் பக்கத்தில் போயிற்று. அவள் எழுந்தாள்.

புருஷனோடு நாலு பேர் முன்னால் பேசுகிற வழக்கமும் எங்களில் கிடையாது. எல்லம்மா அத்தனை பெரிய மனுஷிகளுக்கும் நடுவே நடந்துபோய், வாசலோரம் நின்ற என் தம்பியின் எதிரே நின்றாள். துணியையும் ஊசியையும் நூலையும், தாம்பூலம் கொடுக்கிற மாதிரி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இந்தாங்க. இது உங்க வேலை" என்றாள்.

அவன் வாங்கினான். மடியிலிருந்து, பேல் தைக்கும்போது ஊசியைத் தள்ளுகிற தோல் பட்டையை எடுத்து உள்ளங்கையில் மாட்டினான். ஊசியை அதில் செங்குத்தாக நிறுத்தினான். விரலுக்கு ஊசி இருப்பது தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் பிடிப்பான். நூல் ஒரே தடவையில் போயிற்று. நின்றபடியே ஒரு ஜாண் தைத்தான், முடிச்சுப் போட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த அவனுக்குத் தெரியாது. முடிச்சின் மேல் காக்காக்கால் விழுந்தது.

"பாத்தீங்களா? இனிமே இந்தத் துணியும் மெட்ராஸ் போவலாம்" என்றார் சாயபு.

துரைசாணி அம்மா எல்லம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மகளே, இதை நீ அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னேனேம்மா, அவருன்னு" என்றாள் எல்லம்மா.

அதன் பிறகு துரைசாணி அம்மா செய்ததை நான் மறைக்காமல் எழுத வேண்டும். எல்லார் கண் எதிரிலும் அந்த அட்டையைத் தம் கையாலேயே கழற்றினார். வேலூர் அம்மாள் ஒருவர், ஆண்பிள்ளை வேலை இங்கே எப்படி இருக்கலாம் என்று கேட்டார். "பலகையில் ஸ்திரீகளின் கைவேலை என்று இருக்கிறது. ஸ்திரீகளின் வேலையை வேறு யாரும் செய்யக்கூடாது என்று இல்லை. செய்தால் நல்லது" என்றார். பிறகு துரைசாமியிடம், "நான் ஒருமுறை தவறான பெயரை எழுதினேன். இம்முறை நீரே எழுதும்" என்றார். அதுவரை நீ என்று பேசியவர் அன்றைக்கு நீர் என்றார். துரைசாமி தன் தையலைக் காட்டி, இதுதான் என் கையெழுத்து என்றான். "அது காகத்தின் கால். உம்முடைய பெயர் அல்ல" என்று சொல்லிவிட்டார்.

மிஷினைப் பற்றியும் அவருக்கு மனசாட்சி உறுத்தியது. வண்டியில் ஏற்றி வேலூருக்குத் திருப்பி அனுப்பினார். பரிசு கொடுக்க விதி இருக்கிறது, திருப்பி வாங்க விதி இல்லை என்று அதே வண்டியில் அது திரும்பி வந்தது. எல்லம்மா ஆரத்தி எடுத்து உள்ளே வைத்தாள். தையல் பள்ளிப் பெண்களுக்குக் காக்காக்கால் பிடித்துப்போய், கைக்குட்டை, தலையணை உறை எல்லாவற்றிலும் போட ஆரம்பித்தார்கள். ஆம்பூரில் பாதிப் பேர் இப்போது என் தம்பி கட்டிய பேலில்தான் மூக்கைத் துடைக்கிறார்கள்.

எழுதுவது எளிதாக இல்லை. பேனாவைக் கொடுத்தேன். "இது கையில இருக்குதா இல்லையான்னே தெரியல அக்கா" என்றான். காகிதம் முழுக்க மை. கடைசியில் ஒரு சிவப்புத் துணியில் நான்கு எழுத்தையும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி, ஊசியைக் கொடுத்தேன். முதல் துணியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய், துரைசா என்றதோடு துணி தீர்ந்துவிட்டது. பிரிக்கலாம் என்றால் அவன் தையலை யார் பிரிப்பது? இரண்டாவது துணி எடுத்தோம். அந்தத் துரைசா இன்னும் மிஷின்மேல் உறையாகக் கிடக்கிறது.

ரம்ஜான் பெருநாளுக்கு ஷாப்பை மூடியிருந்தார்கள். துரைசாமி முற்றத்தில் உட்கார்ந்து இரண்டாவது துணியைத் தைத்தான். எல்லம்மா எதிரே உட்கார்ந்திருந்தாள். தைத்து முடிந்த ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்து, "இது இன்னா அண்ணி?" என்று கேட்டாள். நான் படித்துச் சொன்னேன். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

நான்காவது எழுத்து முடிந்ததும் அவன் வழக்கம்போலக் காக்காக்காலையும் போட்டான். பெயர்தான் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டேன்.

"பேரு பிரிஞ்சிட்டா, யார் தச்சதுன்னு தெரிய வாணாமா?" என்றான்.

இப்போது எல்லம்மா வாரத்தில் இரண்டு நாளாவது காட்சிச்சாலைக்கு வந்து, போர்வைக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறாள். இது யார் தைத்தது என்று யாராவது கேட்டால், சிவப்புத் துணியைக் காட்டுகிறாள். "அதோ இருக்குது பாருங்க. நீங்களே படிங்க. சத்தமாப் படிங்க" என்கிறாள். அவர்கள் படிக்கிறார்கள். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறாள்.

அந்தத் துணியில் தேதி இல்லை. நான் குறித்து வைத்திருக்கிறேன். என் தம்பி துரைசாமி தன் பெயரை முதன்முதலாகப் போட்டது 1931-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 21-ஆம் தேதி, சனிக்கிழமை.